செப்டம்பர் 30-க்குள் ஒரு கையெழுத்து: கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயலர், முதல்வர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நம் கல்லூரியின் பழைய இணையதளம் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கு, அதாவது தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த சர்வர் இடம், வரும் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. புதிய தளத்தை நடத்த ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, பழைய கணக்கைப் புதுப்பிக்க வேண்டியதில்லை என்று ஜூன் மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். கணக்கு காலாவதியானால் கொஞ்ச நாளில் சர்வரில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவார்கள். 13 வருட வேலை அங்கே இருக்கிறது. அதை அழியவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் பற்றி மூன்று கடிதங்களை அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அந்தத் தளத்துக்காக உழைத்த மாணவர்கள் இன்று திருப்பூரிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். தாங்கள் தட்டச்சு செய்து கொடுத்த பக்கங்கள் என்ன ஆகப்போகின்றன என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையும் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. யாரையும் தலைகுனிய வைப்பது என் நோக்கமல்ல.

26 ஆண்டுகள் அங்கே நூலகராக இருந்தேன், சென்ற ஆண்டு மே 31 அன்று ஓய்வு பெற்றேன் என்பது உங்களுக்குத் தெரியும். தளம் எப்படி நூலகத்தின் கைக்கு வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. 2012-க்கு முன்பு வெளியாள் ஒருவர் செய்து கொடுத்த ஏழெட்டுப் பக்கங்கள்தான் கல்லூரியின் தளம். முதல்வர் மாறி நான்கு மாதம் ஆகியும் முகப்பில் பழைய முதல்வரின் படமே இருந்தது. செய்து கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. பாஸ்வேர்ட் அவரிடம் இருந்தது, டொமைனும், அதாவது தளத்தின் முகவரியும், அவர் பெயரில் இருந்தது. "சார், உங்களால் ஏதாவது செய்ய முடியுமா?" என்று அன்றைய முதல்வர் என்னிடம் கேட்டார். இன்று மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதே நிலைக்குக் கல்லூரியைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள்.

என்னிடம் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நூலகத்தின் புத்தகப் பட்டியலை அப்போதே கோஹாவுக்கு மாற்றியிருந்தோம். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற ஊர்ப்பக்கத்து நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் அது. பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும் அந்த நூலகத்தார் புதிதாக ஒன்றை எழுதவைத்தார்கள், அதை உலகத்துக்கே திறந்தும் விட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் நன்கொடை, அன்பளிப்பு. யாரோ ஒரு சிற்றூர் நூலகம் தந்த அன்பளிப்பில்தான் நம் நூலகத்தில் இன்றும் புத்தகம் கொடுத்து வாங்குகிறோம். இணையதளத்துக்கும் அதே வழியில் ஒன்றைத் தேடினேன். இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் கிடைத்தது.

வேர்ட்பிரஸ் எப்படிப் பிறந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் பிரச்சினையின் வேரும் அங்கேதான் இருக்கிறது. வலைப்பதிவு எழுத உதவும் பி2 என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிட்டார். பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். அவர்களில் இருவர், மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும், அந்த நிரலை எடுத்துத் தொடர்ந்து எழுதி 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்று சொல்லும் பி2-வின் ஜிபிஎல் உரிமமே அந்த அனுமதியைக் கொடுத்திருந்தது. எழுதியவர் போய்விட்டாலும் பயன்படுத்துகிறவர் அநாதையாகிவிடாமல் இப்படிப்பட்ட உரிமம் காக்கிறது. தீர்மானத்தில் "இலவச மென்பொருள்" என்று எழுதியிருக்கிறீர்கள். காசு இல்லாமல் கிடைப்பது அதில் சின்ன விஷயம்.

சரி, அந்தத் தளத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதலில் கல்லூரி ஆண்டு மலர்கள். 1964 முதல் இருந்ததை நூலகத்தின் பின்னறையிலிருந்து எடுத்தோம். சில இதழ்களுக்கு ஒரே ஒரு படிதான் இருந்தது, ஓரமெல்லாம் செல்லரித்து. ஸ்கேன் செய்து படமாகப் போட்டால் போதும் என்றுதான் தொடங்கினோம். ஆனால் படத்துக்குள் தேட முடியாது. தன் தாத்தா எழுதிய கவிதையைத் தேடி வரும் பேத்திக்கு 40 இதழ்களின் படங்களைக் காட்டி "இதில் எங்கோ இருக்கிறது" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் டெஸராக்ட் என்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) எழுத்துணரியை ஓட்டிப் பார்த்தோம். புதிய இதழ்களை ஓரளவு படித்தது, பழையவற்றில் திணறியது. காரணம் எழுத்து. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில்தான் அச்சாகின. ணா, றா, னாவுக்கும் வேறு பழைய வடிவம் இருந்தது. அச்சும் ஈய எழுத்து, மை பரவிய தாள். அந்தக் காலத்து 14 இதழ்களையும் தமிழ்த்துறை மாணவர்கள் எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். இரண்டு கோடை விடுமுறைகள் அதற்கே போயின.

90-களின் இதழ்களில் வேறு தொல்லை. அச்சகம் கொடுத்த பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான இன்றைய குறியீடான யூனிகோடில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். இலவசமாகக் கிடைத்த எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்து, ஒற்றும் கொம்பும் இடம் மாறியதைக் கையால் திருத்தி ஏற்றினோம். தாவரவியல் துறை தொகுத்த உள்ளூர்ச் செடிப்பெயர்ப் பட்டியல், பழைய வினாத்தாள்கள், 2012-க்குப் பிறகு வந்த ஒவ்வொரு சுற்றறிக்கை என்று மற்றவையும் அங்கே உண்டு.

இதில் எதுவும் புதிய தளத்தில் இல்லை. "பழைய உள்ளடக்கம் தேவையில்லை" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். யாரைக் கேட்டார்கள்? என்னைக் கேட்கவில்லை. இப்போதைய நூலகரையோ தமிழ்த்துறைத் தலைவரையோகூடக் கேட்கவில்லை.

புதிய தளம் பார்க்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். முகப்பில் வீடியோ ஓடுகிறது. ஆனால் தமிழ்ச் சுற்றறிக்கைகள் எல்லாம் படங்களாக இருக்கின்றன. யாரோ வேர்டில் அடித்து, படமாக்கி ஏற்றுகிறார்கள். இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் பார்வையற்ற மாணவி ஒருவர் படிக்கிறார். இங்கேயே இளங்கலை படித்தபோது நூலகத்துக்கு வருவார். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை நூலகக் கணினியில் போட்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர், தங்களைப் போன்றவர்கள் இதற்காகப் பெரும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று தாங்களே எழுதித் திறந்து விட்டது அது. அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழும் பேசும். குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும் புரியும். அந்தப் பெண் பழைய தளத்தில் தேர்வு அட்டவணையை, உதவித்தொகை அறிவிப்பைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்வார். 1971-ஆம் ஆண்டு மலரில் வந்த ஒரு சிறுகதையைக் கேட்டுவிட்டு, அதில் வரும் கிராமம் தன் அம்மாவின் ஊர் என்று வந்து சொன்னார்.

சென்ற மாதம் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் தனக்குத் தெரிந்தது என்றார். அறிவிப்பு புதிய தளத்தில் இருந்தது, படமாக. என்விடிஏ அதை "கிராஃபிக்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. இந்த ஒன்றுக்காகவே நான் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேன்.

இனி, நீங்கள் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். தீர்மானத்தில் இருப்பது இது: "பழைய தளம் ஒருமுறை ஹேக் செய்யப்பட்டது, திறமூல மென்பொருள் பாதுகாப்பானதல்ல."

ஹேக் செய்யப்பட்டது உண்மை. 2016-இல். கூகுளில் கல்லூரியின் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் போலிக் கைப்பை விற்கும் பக்கங்கள் நம் முகவரியில் வந்தன. அதற்குப் பொறுப்பு நான். காசு கொடுத்து வாங்க வேண்டிய 'தீம்' ஒன்றை (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகள்) எங்கிருந்தோ திருட்டுத்தனமாக இறக்கிய படியாக மாணவர் ஒருவர் கொண்டுவந்தார். நான் கேள்வி கேட்காமல் போட்டுவிட்டேன். அந்தத் தீமுக்குள் பின்வாசல் ஒன்றை வைத்திருந்தார்கள். வேர்ட்பிரஸில் ஓட்டை இருந்து உள்ளே வரவில்லை. நான் சரிபார்க்காமல் கதவைத் திறந்துவிட்டேன்.

அப்புறம் என்ன நடந்தது என்பது தீர்மானத்தில் இல்லை. இரண்டே நாளில் தளத்தை மீட்டோம். எப்படி முடிந்தது? வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகள் உலகத்துக்கே பொதுவானவை. அசல் கோப்புகளை இறக்கி, நம் சர்வரில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். எது அசல், எது புதிதாக நுழைந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. நுழைந்ததைத் தூக்கி எறிந்தோம். ஒன்பது நாளுக்கு முந்தைய டேட்டாபேஸ் பேக்கப் என் பென்டிரைவில் இருந்தது, அதை ஏற்றினோம். அந்த ஒன்பது நாளில் வந்த நான்கு சுற்றறிக்கைகளைத் திரும்ப அடித்துப் போட்டோம். அன்றிலிருந்து பேக்கப் தினசரி என்று ஆக்கினேன். அதன் பிறகு திருட்டுத் தீம் எதுவும் உள்ளே வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் வேலை அப்டேட் பார்ப்பது. ஓய்வு பெறும் நாள் வரை மறுபடி ஹேக் ஆகவில்லை.

புதிய நிறுவனத்தின் மென்பொருளில் இப்படி நடந்தால் என்ன செய்வோம்? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு உரிமை இல்லை. ஒப்பிட அசல் இல்லை. பேக்கப் நம் கையில் இல்லை. அவர்கள் "சரிசெய்துவிட்டோம்" என்று சொன்னால் நம்புவதுதான் வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் பழைய பதிப்புக்கு ஆதரவு நின்று, சர்வரை 7-ஆம் பதிப்புக்கு மாற்றியபோது ஆண்டு மலர்ப் பக்கங்கள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. படங்களைக் காட்டும் ப்ளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் கட்டளைகளைப் பயன்படுத்தியிருந்தது, 7-ஆம் பதிப்பில் அவற்றை நீக்கிவிட்டார்கள். ப்ளகினை எழுதியவர் அதை எப்போதோ கைவிட்டிருந்தார். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் மதிய இடைவேளையில் கோப்பைத் திறந்து, பன்னிரண்டு வரிகளை மாற்றினார். பக்கங்கள் திரும்ப வந்தன. அந்த மாணவர் இன்று அதே வேலையைச் செய்து சம்பாதிக்கிறார். கல்லூரியின் தளம் மாணவர்களுக்கு ஒரு பட்டறையாகவும் இருந்தது. பூட்டிய மென்பொருளில் அந்தப் பையனுக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்க முடியும்?

மத்திய அரசே 2015-இல் திறமூல மென்பொருளை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்று தன் துறைகளுக்குக் கொள்கை வகுத்துவிட்டது. பாதுகாப்பில்லாததை அரசு தன் துறைகளுக்குச் சொல்லுமா என்று யோசியுங்கள்.

ஒப்பந்தத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய், மூன்று ஆண்டு. தொகை பற்றி நான் சண்டை போடவில்லை. உழைப்புக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். எனக்கு வருத்தம் மூன்று இடங்களில். புதிய முகவரி 'டாட் காம்' என்று முடிகிறது, அது நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் பக்கங்களை வேறு எங்கும் எடுத்துப்போகும் வடிவத்தில் தருவதாக ஒரு வார்த்தை இல்லை. கல்லூரியின் பழைய 'ஏசி டாட் இன்' முகவரியைப் புதுப்பிப்பது "விருப்பத்துக்குட்பட்டது" என்று எழுதியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'ஏசி டாட் இன்' முகவரியைக் கடையில் வாங்க முடியாது. மத்திய அரசின் கீழ் இயங்கும் எர்நெட் இந்தியா மட்டும்தான் தரும், அதுவும் கல்வி நிறுவனம் என்று சான்று காட்டினால்தான். அது நம் அடையாள அட்டை மாதிரி. போன முறை நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) குழுவுக்குக் கொடுத்த தன்னாய்வு அறிக்கையில் ஆதாரங்களுக்கான லிங்குகள் எல்லாம் அந்த முகவரியில்தான் இருக்கின்றன. ஆண்டுதோறும் கொடுக்கும் தர உறுதி அறிக்கைகளும் அங்கேதான். இன்று எந்தப் பழைய லிங்கைத் தட்டினாலும் புதிய தளத்தின் முகப்பில் போய் விழுகிறது. அடுத்த சுற்று மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டால் முகப்பில் ஓடும் வீடியோவையா காட்டுவீர்கள்?

நூலகராக எனக்கு இதில் வேறொரு வலியும் உண்டு. அலமாரியில் ஒரு புத்தகத்தை இடம் மாற்றினால் பட்டியலிலும் மாற்ற வேண்டும், பழைய இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது. இணையத்திலும் அதே வேலைதான். பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட ஒரு பக்கத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். மாற்றியவர்கள் யாரும் அந்த ஒரு வரியை எழுதவில்லை.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் போன பிறகு தளத்தைப் பார்க்க ஆள் இல்லை. ஐந்து மாதம் அப்டேட் செய்யப்படாமல் கிடந்தது. ஒரே ஆளை நம்பி அத்தனையும் இருந்தது தவறு. இரண்டு பேரைப் பழக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒப்படைப்பு ஃபைல் எழுதிக் கொடுத்ததோடு நின்றுவிட்டேன். ஆனால் பராமரிக்க ஆள் இல்லை என்றால் ஆளைத்தான் தேட வேண்டும். வேர்ட்பிரஸ் தளத்தைப் பராமரிக்கச் சிறு நிறுவனங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒருவர் சரியில்லை என்றால் அதே தளத்தை அப்படியே இன்னொருவரிடம் கொடுக்கலாம். அந்த வசதியைத்தான் இந்த ஒப்பந்தம் பறித்துக்கொண்டது.

ஆகவே நான் கேட்பது இவை.

முதலில், எல்லாவற்றுக்கும் முன்பாக, ஹோஸ்டிங் கணக்கை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பியுங்கள். நான் எடுத்து வைத்திருக்கும் கடைசிப் பேக்கப் சென்ற ஆண்டு மே 31 தேதியிட்டது. அதற்குப் பிறகு ஏறிய எதுவும் என்னிடம் இல்லை, அந்தச் சர்வரில் மட்டுமே இருக்கிறது. புதுப்பித்த அன்றே முழு பேக்கப் எடுத்து, ஒன்றை நூலகத்திலும் ஒன்றைக் கல்லூரிக்கு வெளியிலும் வையுங்கள்.

'ஏசி டாட் இன்' முகவரியைக் கைவிடாதீர்கள். அதில் பழைய தளத்தைத் திரும்பக் கொண்டுவந்து, ஆவணக் காப்பகமாகவாவது நிறுத்துங்கள். பழைய லிங்குகள் அதே முகவரியில் திறக்க வேண்டும். புதிய 'டாட் காம்' பெயரைக் கல்லூரியின் பெயருக்கு எழுத்துமூலம் மாற்றி வாங்குங்கள். எந்த டொமைனும் தனி ஆளின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்கக் கூடாது என்று ஆட்சிக்குழு விதியாகவே எழுதி வையுங்கள்.

தமிழ் அறிவிப்புகளை நாளையிலிருந்தே எழுத்தாகப் போடச் சொல்லுங்கள். இதற்கு ஒப்பந்தத்தைத் திருத்தக்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். அந்த மாணவியின் உதவித்தொகை விண்ணப்பத்தைத் தாமதத்தை மன்னித்து ஏற்கும்படி முதல்வர் உரிய அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தவறு அவருடையதல்ல.

ஒப்பந்தத்தின் முதலாண்டு முடியும்போது, எல்லாப் பக்கங்களையும் டேட்டாபேஸையும் வேறு இடத்தில் ஏற்றக்கூடிய வடிவில் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்காதீர்கள். திறமூல மென்பொருளில் தளம் நடத்தித் தரும் யாருக்காவது முறையாக டெண்டர் விட்டு, அதே பணத்தைக் கொடுங்கள். நூலகத்திலிருந்து ஒருவர், கணினி அறிவியல் துறையிலிருந்து ஒருவர் என்று இரண்டு பேரை எழுத்துமூலம் பொறுப்பாக்குங்கள். வாரம் இரண்டு நாள் வந்து அவர்களைப் பழக்க நான் தயார். சம்பளம் வேண்டாம்.

இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். ஹோஸ்டிங் கணக்கின் லாகின் விவரம் முதல்வர் அலுவலக இரும்பு அலமாரியில், நான் ஒப்படைத்த நீல ஃபைலின் மூன்றாவது தாளில் இருக்கிறது. புதுப்பிக்க ஆகும் தொகை வரியோடு சேர்த்து 7,080 ரூபாய்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்